காற்றாலைக்குக் கொழுந்தனார் கையெழுத்திட்டுவிட்டார். எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கம் கைப்பட எழுதியிருக்கிறார். ஊர், ஆள், புல எண் ஆகிய அடையாளங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 67. கணவர் 9 ஆண்டுகளுக்கு முன் உயில் எழுதாமல் காலமானார். மாமனாரும் மாமியாரும் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்கள். மகன் சிங்கப்பூரிலும் மகள் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். அவர் தனியே குடியிருக்கும் வீடு ஒரு பேரூராட்சியின் கடைசித் தெருவில் இருக்கிறது. வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் கண்மாய். கண்மாயைத் தாண்டினால் அடுத்த ஊராட்சியின் எல்லை. அங்கே மாமனார் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, இன்றுவரை பாகம் பிரிக்கப்படாத 11 ஏக்கர் புஞ்சை. அதில் காற்றை அளப்பதற்கென்று கம்பி இழுத்துக் கட்டிய ஒல்லியான கோபுரம் ஒன்று ஓராண்டாக நிற்கிறது. சென்ற ஆவணியில் கொழுந்தனார், தரகர் வழியாக வந்த ஒரு நிறுவனத்துக்கு 27 ஆண்டுக் குத்தகை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு முன்பணமும் வாங்கிவிட்டார். தேவகோட்டையில் வாழும் நாத்தனாரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காற்றாலை நிற்கப்போகும் இடம் வீட்டிலிருந்து 400 மீட்டர் இருக்கும் என்று ஊர் இளைஞர்கள் எட்டுவைத்து அளந்து சொல்லியிருக்கிறார்கள். கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்காலின் மேல் கிராவல் கொட்டிப் பாதை போடப்போவதாகவும் பேச்சு.

அவருடைய கேள்விகள் இவை: பொதுமக்களிடம் கருத்துக் கேட்காமல் இதை எப்படிக் கொண்டுவரலாம்? கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டால் நின்றுவிடுமா? இரைச்சலால் தூக்கமும் உடல்நலமும் கெடுமா? காற்றாடி மேகத்தைக் கலைத்து மழையைத் தடுக்குமா, கறவை மாடுகள் சினை பிடிக்காமல் போகுமா? "வீட்டுக்கு வந்த மருமகள், அதிலும் கைம்பெண், பட்டாவில் கொழுந்தனார் பெயர்தான் முதலில் இருக்கிறது, நான் பேச இடமுண்டா?" என்பது கடைசிக் கேள்வி. அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆச்சி, நீங்கள் எட்டுப் பக்கத்தில் ஏழு பக்கம் இரைச்சலையும் மழையையும் மாட்டையும் பற்றி எழுதிவிட்டு, உங்கள் பங்கைப் பற்றி நாலே வரிகளில், அதுவும் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். வழக்கறிஞன் என்ற முறையில் எனக்கு அந்த நாலு வரிகள்தான் கடிதம். நீங்கள் அஞ்சுகிறவற்றில் சில நடக்கவே நடக்காதவை. சில நடந்தாலும் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காதவை. சட்டம் உறுதியாக உங்கள் பக்கம் நிற்கிற இடத்தில் நீங்களே ஒதுங்கி நிற்கிறீர்கள்.

உங்கள் பங்கு யாரும் கொடுத்து வருவதன்று

மாமனார் சொந்தமாக வாங்கிய நிலம் என்று கிரயப்பத்திரம் சொல்வதால் கணக்கு எளிது. அவரும் உயில் எழுதவில்லை என்றால், அவருக்கும் மாமியாருக்கும் பிறகு அந்த 11 ஏக்கர் உங்கள் கணவர், கொழுந்தனார், நாத்தனார் மூவருக்கும் சமமாக, மூன்றில் ஒரு பங்கு வீதம் வந்து சேர்ந்தது. நாத்தனாருக்குக் கல்யாணத்தின்போது சீர் செய்தது, நகை போட்டது எதுவும் அந்தப் பங்கைக் கழித்துவிடாது. உங்கள் கணவர் காலமான அன்றே அவருடைய பங்கு, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, முதல் வகுப்பு வாரிசுகளான உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாக மூன்றாகப் பிரிந்து வந்துவிட்டது. ஆக, மொத்த நிலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு உங்கள் பெயருக்கே உரியது. வீட்டுக்கு வந்தவள், கணவரை இழந்தவள் என்பதெல்லாம் ஊர்ப்பேச்சு. வாரிசுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது.

பட்டாவில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்பதற்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பைச் சட்டம் கொடுப்பதில்லை. பட்டா ஒரு வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமைக்கு ஆதாரமாகிவிடாது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கூட்டுப்பட்டாவில் முதலில் இருப்பவர் மற்றவர்களுக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர் என்று தரகர்கள் சொல்வது, அவர்களுக்கு வேலை சுருக்கமாக முடிவதற்காக.

கொழுந்தனார் தம் பங்கை மாற்றிக்கொடுக்கலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் பாகம் பிரியாத நிலத்தில் "இந்த மூலையிலிருந்து இந்த வேப்பமரம் வரை என்னுடையது" என்று குறிப்பிட்ட ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொடுக்க அவரால் இயலாது. அவர் கையெழுத்து உங்களையும் உங்கள் மக்களையும் நாத்தனாரையும் கட்டுப்படுத்தாது. மேலும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். 27 ஆண்டுக் குத்தகையைப் பதிவில்லாமல் முத்திரைத்தாளில் எழுதிவைத்தால் அது குத்தகையாக நிற்காது. அதற்காகச் செல்லாக் காகிதம் என்று வாளா இருந்துவிடவும் கூடாது. பணம் கைமாறியிருப்பதால், ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரவேண்டும் என்று நிறுவனம் கொழுந்தனார் மேல் வழக்குத் தொடுக்க அதைச் சான்றாகக் காட்ட முடியும். உங்களுக்குத் தெரியாமல் பின்னர் பதிவும் செய்திருக்கலாம். ஆகவே பதிவுத்துறை இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

அடுத்து, நீங்களும் மகளும் நாத்தனாரும் சேர்ந்து, கொழுந்தனாருக்கும் நிறுவனத்துக்கும் வழக்கறிஞர் மூலம் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். நிலம் பாகம் பிரியாத கூட்டுச்சொத்து, உங்கள் சம்மதம் பெறப்படவில்லை, சம்மதமின்றி மண்ணைத் தோண்டினால் பாகப்பிரிவினை வழக்கும் இடைக்காலத் தடையும் கோருவோம் என்று அதில் இருந்தால் போதும். வங்கிக்கடன் வாங்கிக் காற்றாலை நிறுவும் நிறுவனம் எதுவும் உரிமையில் ஓட்டை இருக்கும் நிலத்தில் கோடிக்கணக்கில் பணத்தைப் போடத் துணியாது. வங்கியின் வழக்கறிஞரே தடுத்துவிடுவார். பத்து ஆர்ப்பாட்டங்கள் செய்யாததை இந்த ஓர் அறிவிப்பு செய்யும் என்று நான் சொல்வது அனுபவத்தில் கண்டது.

மகனிடம் "பவர்" (அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கித் தரச்சொல்லித் தரகர் உங்களைக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். தரகருக்கோ கொழுந்தனாருக்கோ பவர் கொடுத்தால், குத்தகைக்கு என்று வாங்கியது விற்பனையில் போய் முடிவதை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறோம். மகன் யாருக்கேனும் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் உங்களுக்கோ தங்கைக்கோ கொடுக்கட்டும். வழக்கு நடத்தவும் அறிவிப்பு அனுப்பவும் மட்டும் என்று வரம்பு எழுதட்டும். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு, ஆச்சி. பாகம் பிரிந்தபின் கொழுந்தனாருக்கு 3 ஏக்கர் 66 சென்ட் அளவில் தனியே வரும். விதிகளுக்கு உட்பட்டு அதில் அவர் காற்றாலைக்கு இடம் கொடுத்தால் அதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவர் நிலம், அவர் விருப்பம். அப்போது நீங்கள் பங்குதாரர் என்ற நிலையிலிருந்து அண்டை வீட்டார் என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள். அண்டை வீட்டாருக்கு என்ன பாதுகாப்பு என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

கருத்துக்கேட்பும் கிராம சபையும்

கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவில்லை என்பதை வைத்து வழக்குப் போடலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அது நிற்காது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பரில் வந்தது; முன்அனுமதியும் மக்கள் கருத்துக்கேட்பும் தேவைப்படும் திட்டங்களின் பட்டியலில் காற்றாலை இல்லை. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றாலையை மாசு மிகக் குறைந்த "வெள்ளை" வகையில் சேர்த்தது. அனல்மின் நிலையத்துக்குக் கேட்பதைப் போலக் காற்றாலைக்கும் கேட்டால், நீதிமன்றம் மனுவின் மற்றப் பகுதிகளையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கிவிடும்.

கிராம சபையைப் பொறுத்தவரை ஒரு சிறு சிக்கலை நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் வீடு பேரூராட்சியில், நிலம் ஊராட்சியில். கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களின் சபை. பேரூராட்சி வாக்காளரான உங்களுக்கு அங்கே உறுப்பினர் உரிமை இல்லை. பேரூராட்சிக்குக் கிராம சபையும் இல்லை, பகுதி சபைதான். ஆகவே நிலம் இருக்கும் ஊராட்சியின் மக்கள்தாம் அங்கே பேசவேண்டும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும் சபையில் அவர்கள் தீர்மானம் கொண்டுவரலாம். அந்தத் தீர்மானம் தனியார் பட்டா நிலத்தில் ஒருவர் தொழில் தொடங்குவதைத் தானாகவே நிறுத்திவிடாது. ஆனால் ஊராட்சிச் சாலையை அகலப்படுத்துவது, வரத்துக்காலின் மேல் பாதை போடுவது போன்ற பொதுநிலம் தொடர்பான விஷயங்களில் அது கனமான ஆவணம். "காற்றாலை வேண்டாம்" என்ற தீர்மானத்தைவிட, "இன்ன புல எண்ணிலுள்ள வரத்துக்காலில் எவ்வகைப் பாதையும் அமைக்கக் கூடாது" என்ற தீர்மானம் கோட்டாட்சியர் மேசையில் பேசும்.

தூரம், இரவுச் சத்தம், நிழல்

மைய அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் 2016 அக்டோபரில் காற்றாலைகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இரைச்சலைத் தவிர்க்கக் குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை அமைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சாலை, கட்டடம், உயர் அழுத்த மின்தடம் ஆகியவற்றிலிருந்து விடவேண்டிய தூரம் தனிக் கணக்கு: கோபுர உயரத்தோடு, இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டத்தில் பாதியையும் 5 மீட்டரையும் கூட்ட வேண்டும். 120 மீட்டர்க் கோபுரமும் 140 மீட்டர் விட்டமும் என்றால் 195 மீட்டர். விழுந்தால் எட்டாத தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது சட்டமன்று, வழிகாட்டுதல் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயினும் அரசே நிர்ணயித்த அளவை நிறுவனம் மீறுகிறது என்பது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பேராணை (ரிட்) மனு போடுவதற்கு நல்ல அடித்தளம். 400 மீட்டர் என்ற உங்கள் கணக்கு எட்டுவைத்து அளந்தது. அது 350ஆகவும் இருக்கலாம், 520ஆகவும் இருக்கலாம். புலப்பட வரைபடத்தை வைத்து நில அளவரைக் கொண்டு அளந்து, கையெழுத்திட்ட வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு உறவில் ஒரு விரிசலையும் உண்டாக்காத செலவு அது ஒன்றுதான்.

ஒலி மாசு விதிகள் 2000இன்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் உச்சவரம்பு. இவை சட்டவலிமை உள்ள விதிகள். வேறெந்த ஓசையும் இல்லாத சிற்றூரின் நள்ளிரவில் 40 டெசிபல்கூடக் காதில் விழும். விழுவது வேறு, வரம்பு மீறுவது வேறு. எனவே காற்றாலை வருமுன் உங்கள் வீட்டு இரவின் ஒலியளவை, ஆடிக்காற்றுக் காலத்தில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைக் கொண்டு பதிவு செய்து வையுங்கள். பின்னால் ஒப்பிட முன்னால் அளந்த அளவு வேண்டும்.

உடல்நலம் பற்றிய அச்சத்துக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கனடா அரசின் நலத்துறை, காற்றாலைகளின் அருகில் வாழும் 1,238 பேரிடம் விரிவான ஆய்வு நடத்தி 2014இல் முடிவுகளை வெளியிட்டது. காற்றாலை ஒலியின் அளவுக்கும் தூக்கக் கேட்டுக்கும் நோய்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் ஒலி கூடக்கூட மக்களின் எரிச்சல் கூடியது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே புற்றுநோய், கதிர்வீச்சு என்று மனுவில் எழுதாதீர்கள். காற்றாலையிலிருந்து கதிர்வீச்சு வருவதில்லை. இரவில் ஓயாத "விசுக் விசுக்" ஓசையால் அமைதி கெடும் என்பதை மட்டும் எழுதுங்கள். அது உண்மை, மறுக்கவும் முடியாதது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, சுழலும் இறக்கைகளின் நிழல் வீட்டின் மேல் விட்டுவிட்டு விழும். உங்கள் வீடு நம் ஊர் வழக்கப்படி கிழக்கு மேற்காக நீண்டது. காற்றாலை வரப்போவது பின்கட்டுக்கு நேர் மேற்கே. மாலைவெயில் வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்துக்குள்) இறங்கும் நேரத்தில் அந்த நிழல் கண்ணைக் கூசவைக்கும். செர்மனியில் ஒரு வீட்டின் மேல் ஆண்டுக்கு 30 மணி, நாளுக்கு 30 நிமிடம் என்று இதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு நிழல் விழும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிட முடியும். அந்தக் கணக்கை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

மழையைப் பற்றி இரண்டே வரி. நம் கண்மாய்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைகின்றன; காற்றாலைகள் மும்முரமாகச் சுழல்வது வைகாசி முதல் புரட்டாசி வரையிலான தென்மேற்குக் காற்றில்; 200 மீட்டர் உயரத்து இறக்கை, பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழும் மழைமேகத்தைக் கலைக்காது. காற்றாலை மிகுந்த பகுதிகள் பல மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பதால், அங்கே முன்பிருந்தே மழை குறைவு. அதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு பரவியது. மாடுகள் கயத்தாறு, பல்லடம் பக்கம் காற்றாலைக் கோபுரத்தின் அடியிலேயே மேய்ந்துகொண்டிருக்கின்றன.

மழையைவிட வரத்துக்கால்

மேகத்தை அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்ட நீங்கள், தரையைக் குனிந்து பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இன்றைய காற்றாலையின் ஓர் இறக்கை 60, 70 மீட்டர் நீளமுள்ளது. அது ஒரே துண்டாக லாரியில் வரவேண்டும். வளைவுகள் அகலமாக வேண்டும். பெரிய கிரேன் நிற்கக் கெட்டியான தளம் வேண்டும். அடித்தளத்துக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் கான்கிரீட் இறங்கும். இத்தனைக்கும் கிராவல் பாதை போடும்போது, வெயில் காலத்தில் வெறும் பள்ளமாகத் தெரியும் வரத்துக்காலை மூடிவிட்டு ஒரு சிறு குழாயைப் பதித்துப் போய்விடுவார்கள். அடுத்த கார்த்திகையில் கண்மாய் பாதிகூடப் பெருகாது. ஊரார் "காற்றாடி மழையை விரட்டிவிட்டது" என்பார்கள். மழை வந்திருக்கும், தண்ணீர்தான் வந்து சேர்ந்திருக்காது.

இந்த இடத்தில் உங்கள் கை மிக வலுவானது. வரத்துக்கால் புறம்போக்கு, அதைக் கொழுந்தனாராலோ நிறுவனத்தாலோ, ஊராட்சித் தலைவராலோ தனி அலுவலராலோ தூக்கிக் கொடுக்க முடியாது. கண்மாய்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. கிராமப் பொதுநிலங்களைத் தனியார் கைப்பற்றுவதை 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, அவற்றை மீட்க மாநிலங்களுக்கு ஆணையிட்டது. கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் நிலப்பரப்பு, 100 ஏக்கருக்கு உட்பட்டதென்றால் ஊராட்சி ஒன்றியத்திடமும், அதற்கு மேற்பட்டதென்றால் நீர்வளத்துறையிடமும் மனு கொடுக்க வேண்டும். வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் நகல் போகட்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாதைக்கு யாரேனும் அனுமதி கேட்டிருக்கிறார்களா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வரவேண்டும். மண் கொட்டத் தொடங்கிவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை ஆறு மாதத்துக்குள் அணுக வேண்டும். கொட்டி முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாதையை மறித்து உட்காருவது வேண்டவே வேண்டாம். வழக்கு உங்கள் மேலே திரும்பும். ஆசிரியையிடம் படித்த பிள்ளைகளும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள்.

குத்தகைக்கு நீங்களும் சம்மதிப்பதானால்

நான் காற்றாலைக்கு எதிரானவன் அல்லன். மானாவாரிப் புஞ்சை தரிசாகக் கிடக்கும் ஊரில் ஆண்டு வாடகை சிறு வரவன்று. கொழுந்தனார் தவறு செய்துவிட்டார் என்றும் நான் சொல்லமாட்டேன், கேட்காமல் செய்துவிட்டார், அவ்வளவே. உச்ச நீதிமன்றமும் 2024 மார்ச்சில், கானமயில் தொடர்பான வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமையை அடிப்படை உரிமையோடு சேர்த்துப் பேசி, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் தேவையை எடைபோட்டிருக்கிறது. முற்றாக எதிர்க்கும் மனுவை இனி நீதிமன்றங்கள் எளிதில் ஏற்கமாட்டா.

பங்காளிகள் அனைவரும் பேசி, 500 மீட்டருக்கு அப்பால் இடத்தை நகர்த்தச் சம்மதித்தால், புதிய பத்திரம் எல்லார் பெயரிலும் பதிவாகட்டும். அதில் கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது காலக்கெடு. பாலக்காட்டுக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் போலக் காற்று பீறிடும் இடமன்று நம் பகுதி. ஓராண்டு அளந்துபார்த்துவிட்டுக் காற்று போதாதென்று நிறுவனம் போய்விடவும் கூடும். அப்படிப் போனபின்னும் பத்திரம் மட்டும் நிலத்தின் மேல் 27 ஆண்டு உட்கார்ந்திருக்கும். இத்தனை மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் ஒப்பந்தம் தானே முடியும் என்று எழுதுங்கள். நிறுவனம் தன் குத்தகை உரிமையை வங்கியில் அடகு வைக்கலாம், நிலத்தின் உரிமையை வைக்கக் கூடாது. கோபுரத்தைச் சுற்றிப் பயிரிட உங்களுக்கு உரிமை உண்டு. காலம் முடிந்ததும் கோபுரத்தையும் மேல்மட்ட அடித்தளத்தையும் அகற்றி நிலத்தைச் சீராக்கித் தரவேண்டும், அதற்கு வங்கி உத்தரவாதம் வேண்டும் என்பவையும் இடம்பெறட்டும். 1990களில் நட்ட சிறு காற்றாலைகளை என்ன செய்வது என்பதற்கு, தமிழ்நாடு அரசு 2024இல்தான் தனிக் கொள்கை வகுத்தது. முப்பது ஆண்டு கழித்து யார் கழற்றுவது என்பதை அன்று பத்திரம் எழுதியவர்களில் பலர் நினைத்துப் பார்க்கவில்லை.

தை மாதம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு மகனும் நாத்தனாரும் வருகிறார்கள், அங்கே பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேசலாம். வில்லங்கப் பிரதி, அளவர் வரைபடம், கொழுந்தனார் கையெழுத்திட்ட தாளின் நகல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, பூசை முடிந்து சாப்பாடும் ஆனபின் பேசுங்கள். ஆனால் நாத்தனாரிடம் இந்த வாரமே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கொழுந்தனாரிடமும், அறிவிப்பு அஞ்சலில் போய்ச் சேர்வதற்கு முதல் நாளாவது, நேரில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.